வரி கட்டியவருக்கு வெந்நீர் இல்லை

இந்த வீட்டில் இனிமேல் இலவசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று ஜெயமுருகன் அறிவித்தபோது, அவர் மனைவி விசாலாட்சி மலைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பூண்டு பக்கத்து வீட்டிலிருந்து காசு வாங்காமல் கொடுத்தது. அது அறிவித்தவருக்கு அப்போது நினைவில் இல்லை. உரித்தவளுக்கு இருந்தது.

அறிவிப்புக்குக் காரணம் மாசி மாதச் சம்பளம். கொடைக்கானலில் ஒரு தனியார் பள்ளியின் கணக்குப் பிரிவில் அவர் மேற்பார்வையாளர். வருடக் கடைசியில் எல்லோருடைய வருமான வரி பாக்கியையும் பிடித்துக்கொண்டு சம்பளம் போடுவது அவர் வேலை. எல்லோரிலும் அவரும் அடக்கம். தன் கழுத்தில் தானே கத்தி வைத்துக்கொண்ட துக்கத்தோடு வில்பட்டி பஸ்ஸில் ஏறினால், உள்ளே பெண்கள் அத்தனை பேரும் டிக்கெட் எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். இவர் டிக்கெட் எடுத்துக்கொண்டு நின்றார். அவருக்குச் சொந்தக் கார் உண்டு. பெட்ரோலிலும் வரி இருக்கிறது என்பதால் அதை உறையை விட்டு எடுப்பதில்லை.

ஜெயமுருகன் படித்தவர். பட்ஜெட் உரையைக் கடைசிப் பக்கம் வரை படிக்கிற ஆள் வில்பட்டியில் அவர் ஒருவர்தான். வருவாய்ப் பற்றாக்குறைக்கும் நிதிப் பற்றாக்குறைக்கும் உள்ள வித்தியாசத்தை டீக்கடையில் விளக்க ஆரம்பித்தால், கேட்டவர்களின் டீ ஆறும், அவர் ஆறமாட்டார். ஒரு பெயர்சூட்டு விழாவுக்குப் போய், தொட்டிலில் கிடந்த குழந்தையின் தலைமேல் அரசாங்கக் கடன் எவ்வளவு இருக்கிறது என்று எடுத்துச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து எந்த விழாவுக்கும் அழைப்பு வரவில்லை.

ஆனாலும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அவரை அரித்தது மாநிலத்தின் கடன் அல்ல. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த வேலுச்சாமி.

வேலுச்சாமிக்குக் கொஞ்சம் பூண்டுக்காடு உண்டு. காட்டு மோட்டாருக்கு மின்சாரம் சும்மா. கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய கடன் ஒருமுறை தள்ளுபடியானது. மனைவி மூக்கம்மாவுக்கு மாதாமாதம் உரிமைத் தொகை. மகள் கண்மணி கல்லூரிக்குப் போவதற்கு அதற்கென்று ஒரு தொகை. இத்தனையும் வாங்கிக்கொண்டு அந்த மனிதன் காலை வெயிலில் காய்கறிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருப்பான். அந்த வெயில்கூட அவன் பக்கம்தான் முதலில் விழுகிறது என்பது ஜெயமுருகனின் நெடுநாள் புகார். சூரியனும் தகுதிப் பட்டியல் பார்த்துத்தான் உதிக்கிறதோ என்று அவருக்குச் சந்தேகம்.

மாநிலத்தைத் திருத்த முடியாது. வீட்டைத் திருத்தலாம். பக்கத்து வீட்டுக்குத் தினமும் போகும் காபி, தோசை மாவு, கண்மணிக்குக் கொடுத்திருக்கும் வைஃபை, எல்லாவற்றையும் நாளை முதல் நிறுத்தச் சொன்னார்.

அவர்கள் பூண்டும் கேரட்டும் தருகிறார்களே என்று விசாலாட்சி நினைவுபடுத்திப் பார்த்தாள். அது வேறு தலைப்பு, அப்புறம் பேசலாம் என்றார்.

"ஒரேயடியா நிறுத்துனா நல்லாருக்காதுங்க. இல்லாதப்பட்டவங்களுக்கு மட்டுமாவது குடுக்கலாம்ல?"

ஜெயமுருகன் யோசித்தார். பெரிய பெரிய நிபுணர்களும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

"சரி. தகுதி உள்ளவங்களுக்கு மட்டும்."

"தகுதின்னா என்னங்க?"

இந்த இடத்தில் அவர் வாயை மூடியிருக்கலாம். ஆனால் பாடம் கேட்க ஆள் கிடைப்பது அரிது. அதோடு அந்த விதிகள் அவருக்கு மனப்பாடம். விசாலாட்சியின் உரிமைத் தொகை விண்ணப்பம் அவர் வரி கட்டுகிறார் என்ற ஒரே காரணத்தால் தள்ளுபடியானது. காதலில் தோற்றவன் கடைசிச் சந்திப்பை நினைத்து நினைத்து உருகுவதுபோல, அன்றிலிருந்து அவர் அந்த விதிகளை நினைத்து உருகிக்கொண்டிருந்தார். வருமான வரி கட்டுகிறவருக்குக் கிடையாது. கார் வைத்திருப்பவருக்குக் கிடையாது. ஒன்றில் மாட்டினாலும் போச்சு என்று விரல் மடக்கிச் சொன்னார்.

"அதையே நம்ம வீட்டுக்கும் வச்சுக்கிடலாமாங்க?"

"தாராளமா வச்சுக்க. ஆனா ஒண்ணு. முகம் பாக்கக் கூடாது. வேண்டியவன் வேண்டாதவன்னு பாத்துத்தான் நாடு நாசமாப் போச்சு."

"யாரா இருந்தாலும்?"

"யாரா இருந்தாலும்."

விசாலாட்சி பூண்டுத் தொலியை ஊதித் தள்ளிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மறுநாள் வெள்ளனே எழுந்து குளியலறைக்குப் போனார். மாசி மாத விடியலில் வில்பட்டித் தண்ணீருக்குள் கையை விட்டு எடுத்தால், விரல் எல்லாம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும். வாளியில் அந்தத் தண்ணீர்தான் இருந்தது. பாய்லர் பற்றவைக்கவில்லையா என்று கேட்டார். வைத்தாயிற்று என்று பதில் வந்தது.

"அப்ப வெந்நி எங்க?"

"இருக்குங்க. ஆனா நீங்க வரி கட்டுறவங்க. கார் வேற வச்சிருக்கீங்க. ரெண்டுலயும் அடிபட்டுப் போச்சு."

வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. இந்த வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவருவதே தான்தானே என்று நியாயம் கேட்டார்.

"இதைத்தான நீங்க அரசாங்கத்துக்கிட்டயும் சொன்னீங்க. அவங்க கேட்டாங்களா?"

விதியின்படி குடும்பம் முழுவதற்குமே தகுதி போய்விடும், அவளுக்கும் வெந்நீர் கிடையாது என்று நுணுக்கமான ஒரு வாதத்தை எடுத்துவைத்தார். அப்படியென்றால் அடுப்படிச் சோலி எதையும் தானும் தொடவில்லை, சம்மதமா என்றாள். வாதம் வாபஸ் பெறப்பட்டது.

பச்சைத் தண்ணீரில் குளித்து, காபி இல்லாமல், பல் தந்தியடிக்க ஜன்னலோரம் நின்றபோதுதான் அந்தக் காட்சியைப் பார்த்தார். அவர் வீட்டுத் தூக்குவாளி ஆவி பறக்க வேலி தாண்டிப் போனது. கல்யாணச் சீராக வந்த தூக்குவாளி; டம்ளரிலிருந்து அண்டா வரை அந்தச் சீர் முழுவதிலும் அவர் பெயர் வெட்டியிருக்கும். வேலுச்சாமி பெட்டிமேல் உட்கார்ந்து, வெயிலில் குளிர்காய்ந்துகொண்டே ஒரு வாய் உறிஞ்சினான். ஜன்னலில் இவரைக் கண்டதும் டம்ளரை உயர்த்தினான்.

"வாங்க சார், காபி சாப்புடலாம்."

ஊர் வழக்கத்துக்குச் சொன்ன வார்த்தைதான். ஜெயமுருகனுக்கு வயிறு எரிந்தது. அன்று காலையில் அவர் உடம்பில் சூடாக இருந்த ஒரே இடம் அதுதான்.

அடுத்த நாள் தானே பாய்லர் பற்றவைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பாய்லரில் குளித்தவரே தவிர, அதற்கு வாய் எந்தப் பக்கம் என்று பார்த்தவரில்லை. விறகு எரியவில்லை, புகை மட்டும் ஓட்டைப் பிளந்துகொண்டு கிளம்பியது. வீடு பற்றிக்கொண்டது என்று நினைத்த வேலுச்சாமி வேலியைத் தாண்டி ஓடிவந்து, புகைக்குள் தெரிந்த உருவத்தின்மேல் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினான். அன்றைய குளியல் அப்படி முடிந்தது.

தலையைத் துவட்டியபோது ஒரு விதி ஞாபகம் வந்தது. தள்ளுபடியானவர் மேல்முறையீடு செய்யலாம். செய்தார். விசாலாட்சி உடனே ஏற்றுக்கொண்டாள். ஆனால் நேரில் வந்து விசாரிக்க வேண்டும், அதற்கு வெளியாள்தான் முறை என்று மூக்கம்மாவை அழைத்துவந்தாள். மூக்கம்மா வந்து காபி குடித்தாள். பிரிட்ஜைத் திறந்து பார்த்தாள். வாசலுக்குப் போய்க் காரின் உறையைத் தூக்கிப் பார்த்தாள். திரும்பி வந்து பெருமூச்சு விட்டாள்.

"இம்புட்டு வசதி இருக்கவங்களே கை நீட்டுனா, இல்லாதவங்க எங்கண்ணே போவாங்க?"

அது ஜெயமுருகன் டீக்கடையில் வழக்கமாகச் சொல்கிற வசனம். எழுத்து மாறாமல் இருந்தது. மேல்முறையீடு தள்ளுபடி.

மூன்றாம் நாள் விடிந்தும் விடியாத பனியில், ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் வேலியைத் தாண்டினார். மானம் போனால் வராது. ஜலதோஷம் வந்தால் போகாது. இரண்டாவதுதான் அவசரம்.

வேலுச்சாமி எதுவுமே கேட்கவில்லை. "வெரசா குளிங்க சார், ஆறிரும்" என்று மட்டும் சொன்னான். தகுதி விசாரிக்காமல் ஒரு வாளி வெந்நீர். குளித்து வந்தவரைப் பெட்டிமேல் உட்காரவைத்தான். அவருடைய நெடுநாள் புகார் சரிதான். வெயில் அங்கேதான் முதலில் விழுந்தது. கையில் ஒரு டம்ளர் காபி வந்தது.

ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். சீனி அரைக்கரண்டி, கசப்பு அளவாக, கள்ளிச்சொட்டாகக் கெட்டிப் பால். எந்த டாக்டரும் சொல்லாமலே அவர் நாக்குக்கென்று எழுதிக் கொடுத்த மாதிரி ஒரு காபி. அந்த நிமிடமும் அவருக்கு நன்றி வரவில்லை, பொறாமைதான் வந்தது. கரண்டு சும்மா, கடன் தள்ளுபடி, அதற்கு மேல் இப்படி ஒரு காபியும் தினமும் இவனுக்குத்தான்.

"என்ன இருந்தாலும் வேலுச்சாமி, உங்க வீட்டுக் காபிகிட்ட எங்க வீட்டுக் காபி நிக்க முடியாதுய்யா" என்றார், மனம்விட்டு.

மூக்கம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வேலுச்சாமி காட்டைப் பார்த்தான். ஏதோ சரியில்லை என்று ஜெயமுருகன் டம்ளரைத் திருப்பிப் பார்த்தார். விளிம்பில், கொஞ்சம் தேய்ந்து, அவர் பெயர் இருந்தது.

"மதினி குடுத்துவிட்டதுதாண்ணே" என்றாள் மூக்கம்மா. "'மூணாவது நாளு வந்துருவாரு. சீனி கம்மியா ஒரு டம்ளர் தனியா வச்சிருக்கேன், நீ குடுக்குற மாதிரி குடு'ன்னாங்க. வெந்நியும் உங்க பாய்லர்ல போட்டதுதான்."

தான் கட்டிய வரி எங்கே போகிறது என்று பல வருடமாகத் தேடிய மனிதர், கையில் இருந்ததைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். காபி இன்னும் பாதி இருந்தது. கீழே வைக்க மனம் வரவில்லை. குடித்து முடித்தார்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து விசாலாட்சியின் குரல் வந்தது.

"ஏங்க, குடிச்சதும் அந்த டம்ளரக் கழுவி வச்சிட்டு வாங்க. ஓசியில குடிக்கிறவங்க அதாவது செய்யணும்."