என்னை யாரும் தர்மத்துக்கு விட்டுவிடவில்லை, அக்கா

என்றும் என் மரியாதைக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நானும் என் மகளும் நலம். அங்கே நீயும், உன் முழங்காலும், உன் ரத்த அழுத்தமும் தனித்தனியாகவும் ஒற்றுமையாகவும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நேற்று நீ என் மகளைத் தொலைபேசியில் பிடித்து வாங்கிய வாங்கு எனக்கு அடுத்த அறை வரைக்கும் கேட்டது. "பெத்த அப்பனைக் கொண்டுபோய் தர்ம ஸ்தாபனத்துல விட்டுட்டியாமே, நீயெல்லாம் ஒரு ஆபீசரா?" என்று நீ கேட்டதும், அவள் "இல்லத்தே, அப்படி இல்லத்தே" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னதும், பிறகு நீ அழுததும், நீ அழுததைக் கேட்டு அவளும் அழுததும் எனக்குத் தெரியும். இங்குள்ள தூதரகக் கணக்காளரின் மனைவி ஊரில் இருக்கும் தன் தங்கைக்கு ஒன்றைச் சொல்ல, தங்கை உன் பக்கத்து வீட்டுக்காரியிடம் அதற்குக் கை கால் வைத்துச் சொல்ல, அது உன் காதுக்கு வரும்போது நான் வாசலில் தட்டேந்தி நிற்பவனாகிவிட்டேன். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படி.

உனக்கே தெரியும், நான் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்தவன். வண்டி ஓட்டத் தெரியாதவனுக்கு உரிமம் கொடுக்காமல் திருப்பி அனுப்பியே ஓய்வு பெற்றவன். என் மகள் தூதரக அதிகாரியாக இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தபோது, வீட்டில் நான் ஒருவனாக உட்கார்ந்து என்ன செய்யப் போகிறேன் என்று கூடவே கிளம்பி வந்தேன். வந்த பிறகுதான் தெரிந்தது, இங்கேயும் வீட்டில் ஒருவனாகத்தான் உட்கார வேண்டும் என்று. அவள் காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவாள். தூதரகக் குடும்பத்தார் இங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது என்று விதி. சரி, சம்பளமில்லாமல் பார்ப்போம் என்று பால்கனியில் நின்று தெருவில் போகிற வண்டிகளைக் கண்காணிக்க ஆரம்பித்தேன். ஒருநாள் கீழ்வீட்டுப் பெண் காரை நிறுத்திய லட்சணத்தைப் பார்க்கப் பொறுக்காமல் இறங்கிப் போய், கண்ணாடியைத் தட்டி, பின்னால் எடு, மறுபடி போடு என்று கையைக் காட்டினேன். பாவம், நல்ல பெண். என்னை யாரோ அதிகாரி என்று நினைத்துச் சொன்னபடியெல்லாம் எடுத்தாள், போட்டாள். தேறிவிட்டாய் என்று தலையாட்டிவிட்டு மாடிக்கு வந்தேன். அன்று சாயங்காலம் கட்டடக் காவலாளி என் மகளை நிறுத்தி, உங்கள் அப்பா எந்த இலாகா என்று கேட்டிருக்கிறான்.

"அப்பா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், எங்கேயாவது போய் நாலு பேருக்கு உபயோகமா இருங்க" என்றாள் அவள். தூதரகக் குடும்பச் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. அதன் தலைவி, உள்ளூர் தர்ம ஸ்தாபனங்களில் நம் குடும்பத்தார் என்னென்ன தொண்டு செய்யலாம் என்று எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்கிற அம்மாள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு நாய்க் காப்பகத்துக்கு அனுப்பினார். அங்கே எனக்கு ஒரு கிழட்டு நாயைக் கொடுத்து நடத்திக்கொண்டு போகச் சொன்னார்கள். நான் அதை நடத்தினேன் என்று சொன்னால் பொய். நாற்சந்திக்கு நடுவில் வந்ததும் அது, இதற்கு மேல் எனக்கு இஷ்டமில்லை என்று உட்கார்ந்துவிட்டது. இழுத்தேன், கெஞ்சினேன், கடைசியில் நாலு பக்கமும் வண்டி நின்றுவிட்டதால் வேறு வழியில்லாமல் கையைத் தூக்கிப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தினேன். உண்மையைச் சொல்கிறேன், ஓய்வு பெற்ற பிறகு அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை. ஆனால் நிஜப் போலீஸ்காரர் வந்துவிட்டார். நாயை அவர் ஒரு விசிலில் எழுப்பினார், என்னைத்தான் கிளப்ப நேரமாயிற்று.

அதற்கப்புறம்தான் தனிமையில் இருக்கும் முதியோரை வீடு தேடிப் போய்ப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும் ஸ்தாபனம். இதில் நாய் இல்லை, நாற்சந்தி இல்லை என்று தலைவி உறுதி சொன்னார். இந்த ஊர் மொழியில் நான் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனது இவ்வளவுதான்: 'நான் ஓய்வு பெற்றவன். மனைவி இல்லை. மகள் நாள் முழுதும் வேலையில். முதியோருக்குத் துணை வேண்டும்.' இதை ஒப்பித்ததும், இடுப்பில் ஒரு பெரிய சாவிக்கொத்தோடு இருந்த பொறுப்பாளர் பெண் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. தொண்டு செய்ய வருகிறவனுக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கும் நெஞ்சு நிறைந்தது. மாடிப்படி ஏறுவீர்களா, சமையல் யார், மருந்து வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, கடைசியாக யாரோடு உட்கார்ந்து பேசினீர்கள் என்றெல்லாம் ஆங்கிலத்தில் கேட்டாள். வேலைக்கு எடுப்பதற்கு முன் தகுதி பார்க்கிறாள் என்று நானும் ஒன்றுவிடாமல் உண்மையே சொன்னேன். "நீங்க இங்க அலைய வேண்டாம். செவ்வாய்க்கிழமை மதியம் உங்க வீட்டுக்கே ஒருத்தர் வருவாங்க" என்றாள். இந்த ஊரில் முதியோரை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார்கள் போலிருக்கிறது, என்ன வசதி என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

செவ்வாய்க்கிழமை வந்தவர் ஒரு அம்மாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு காதில் கருவி, கையில் பழம். ஐயோ பாவம், இந்த வயதில் தனியாக வருகிறாரே என்று ஓடிப் போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன். அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூட்டி வந்தார். எங்களுக்குப் பொதுவாக இருந்தது நொண்டி ஆங்கிலம் ஒன்றுதான். உனக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

"நீங்க உக்காருங்க" என்றேன்.

"இல்ல இல்ல, நீங்க முதல்ல உக்காருங்க" என்றார்.

தேநீர் போடப் போனால் பின்னாலேயே வந்துவிட்டார். அவர் பழம் நறுக்கக் கத்தியை எடுக்க, கை நடுங்கி வெட்டிக்கொள்ளப் போகிறாரே என்று நான் பிடுங்க, நான் வெட்டிக்கொள்ளப் போகிறேன் என்று அவர் பிடுங்க, கடைசியில் பழத்தை முழுசாகவே தின்றோம். கோப்பை கழுவுவதற்கு ஒரு சண்டை. பிறகு சதுரங்கம் ஆடினோம். வயதானவர், ஜெயிக்கட்டுமே என்று என் ராணியைக் கொண்டுபோய் அவருடைய சிப்பாய் வெட்டுகிற கட்டத்தில் நிறுத்தினேன். அவர் அதைப் பார்க்காதவர் போல ஒதுங்கிப் போய்த் தன் ராணியை என் குதிரை வெட்டுகிற கட்டத்தில் வைத்தார். பார்வையும் மங்கிவிட்டது போலிருக்கிறது என்று எனக்கு இன்னும் இரக்கம் கூடிவிட்டது. நானும் எடுக்கவில்லை. இப்படி இரண்டு பேரும் தோற்பதற்கு உயிரைக் கொடுத்து ஆடினால் ஆட்டம் எங்கே முடியும்? அவரை டிராம் நிறுத்தம் வரை கொண்டுவிடப் போனேன். சாலை ஓரத்தில் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவருக்காகக் காத்திருக்க, அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருக்க, பச்சை விளக்கு வந்து வந்து போனது, நாங்கள் அங்கேயே நின்றோம்.

வாரம் தவறாமல் வந்தார். ஒருநாள் பேச்சு பிரேக்கைப் பற்றித் திரும்பியது. ஈரத் தண்டவாளத்தில் டிராமை எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்ல, அது தவறு என்று நான் சொல்ல, "டிராமைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று அவர் மேசையைத் தட்ட, "எத்தனை வண்டியைப் பாத்திருப்பேன் நான்!" என்று நானும் தட்ட, காவலாளி மேலே வந்து மணி அடித்துப் பார்த்துவிட்டுப் போனான். அன்றைக்கு இரண்டு பேருமே இரக்கத்தை மறந்துவிட்டோம். அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமை என்றால் நான் காலையிலேயே சட்டைக்கு இஸ்திரி போட்டுவிடுவேன். தொண்டு என்றால் ஒரு ஒழுங்கு வேண்டுமல்லவா?

சங்கக் கூட்டத்தில் இதையெல்லாம் நான் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிட்டேன். வரும்போது முகம் வாடி இருந்த அம்மாள் என் கவனிப்பில் எப்படித் தெளிந்துவிட்டார், பசி எடுக்கிறது, கோபம்கூட வருகிறது என்று. தலைவி உருகிப் போய், அந்த முதியோர் ஸ்தாபனமும் சங்கமும் சேர்ந்து தொண்டர்களைப் பாராட்டும் விழாவில் என்னையும் சேர்த்துவிட்டார். தூதர் வந்திருந்தார். என் மகள் முன்வரிசையில். "ஒரு மூதாட்டியின் வாழ்வில் ஒளியேற்றியவர்" என்று தலைவி அறிவிக்க, நான் மேடை ஏறினேன். அதே நேரத்தில் இன்னொரு பக்கப் படி வழியாக டிராம் அம்மாவும் ஏறினார். அவரே நன்றி சொல்ல வருகிறார் என்று நான் கையை நீட்டி அவரைச் சபைக்குக் காட்டினேன். அவரும் கையை நீட்டி என்னைச் சபைக்குக் காட்டினார். இரண்டு பேரும் ஆளுக்கு ஆள் இப்படிக் காட்டிக்கொண்டே நிற்க, சாவிக்கொத்துப் பெண் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டாள்.

"இவர் எங்ககிட்ட வந்தப்போ நாதியில்லாம இருந்தார். பேச ஒரு ஆள் கிடையாது. இப்ப பாருங்க, எங்க தொண்டர் அம்மா வாராவாரம் போய்ப் போய் எப்படித் தேத்தியிருக்காங்க! இஸ்திரி போட்ட சட்டை போடுறார்!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பூங்கொத்தை டிராம் அம்மாவுக்குக் கொடுத்தார் தூதர். என் தோளைத் தட்டிக் கொடுத்தார். கணக்காளரின் மனைவி அங்கேதான் உட்கார்ந்திருந்தார். உனக்கு வந்த சேதியின் ஊற்று அதுதான்.

திரும்பி வரும்போது என் மகள்தான் காரை ஓட்டினாள். கட்டடத்துக்குக் கீழே காரை நிறுத்திவிட்டு இறங்காமலே கேட்டாள்: "கடைசியா யாரோட உக்காந்து பேசினீங்கன்னு அவ கேட்டதுக்கு என்னப்பா சொன்னீங்க?"

"ஞாபகம் இல்லைன்னு சொன்னேன்."

"நான் தினம் உங்களோட பேசறேனே, அப்பா."

"நீ பேசறேம்மா. நின்னுக்கிட்டே பேசுவே. அவ உக்காந்துன்னு கேட்டா."

அவள் சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தாள். "இப்ப உக்காந்துதானே இருக்கோம். பேசுங்க" என்றாள். நீ வண்டியை நிறுத்தியிருக்கிற கோணம் சரியில்லை என்று ஆரம்பித்தேன். அங்கிருந்து அவள் சின்ன வயதில் சைக்கிள் பழகியது, அவள் அம்மா, அவள் ஆபீசில் யாரிடமும் சொல்லாத சங்கடங்கள் என்று எங்கெங்கோ போயிற்று. ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்துவிட்டது. அப்படிப்பட்ட பெண்ணைத்தான் நீ நேற்று அந்த வாங்கு வாங்கினாய். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. தெரிந்துகொள்.

ஆனால் டிராம் அம்மாவின் கதை வேறு. மேடையில் இருந்து இறங்கியதும் அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அப்ப இவ்வளவு நாளும் என்னை ஒரு கிழவின்னு நெனச்சுத்தான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தீங்களா?" என்று கேட்டார். நீங்களும் என்னைக் கிழவன் என்றுதானே நினைத்தீர்கள் என்றேன். "நீங்க கிழவர்தானே!" என்று சொல்லிவிட்டுப் பூங்கொத்தோடு போய்விட்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. தேநீரை இரண்டு கோப்பையில் ஊற்றிவிட்டு ஒன்றைத் திரும்பக் கெட்டிலில் ஊற்றினேன். வேறு யாரையாவது அனுப்பட்டுமா என்று சாவிக்கொத்துப் பெண் கேட்டாள். வேண்டாம் என்றுவிட்டேன்.

அதனால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன், அக்கா. எனக்கு இந்தத் தொண்டு, தர்மம் எதுவும் சரிப்படாது. செய்யவும் தெரியவில்லை, வாங்கிக்கொள்ளவும் தெரியவில்லை. இந்த மாதக் கடைசியில் நம் ஊருக்கே வந்துவிடுகிறேன். உன் மகன் வேலைக்காக வெளியூர் போனதிலிருந்து பூட்டிக் கிடக்கும் அந்த மாடி அறையைத் திறந்து தூசி தட்டி வைக்கச் சொல். மகளிடம் இன்னும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. சொல்லாமல் இருக்க உன்னால் முடியாது என்று தெரியும், ஆனாலும் தம்பி என்ற முறையில் கேட்டு வைக்கிறேன்.

உன் பக்கத்து வீட்டுக்காரிக்கு என் விசாரிப்பைச் சொல். அவர் காதும் நாக்கும் நீடூழி வாழட்டும். வேளைக்குச் சாப்பிடு. முழங்காலுக்கு எண்ணெய் தேய். உன் ஆசியும் உன் வசவும் எப்போதும் போல என் தலைமேல் இருக்கட்டும்.

அன்புள்ள,
உன் தம்பி

பின்குறிப்பு: மேலே எழுதியதில் கடைசிப் பகுதியை அடித்துவிடு. மாடி அறையைத் திறக்க வேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது வாசல் மணி அடித்தது. டிராம் அம்மா. இன்று செவ்வாய்க்கிழமையே இல்லை. "ஸ்தாபனத்துல சேவைக்கு வரமாட்டேன்னு சொல்லிட்டேன். இன்னிக்கு யாரும் என்னை அனுப்பல. வீட்ல சும்மா உக்காந்திருக்கப் பிடிக்கல, வந்தேன்" என்கிறார். நாங்கள் இரண்டு பேரும் ஆற்றங்கரை வரை நடந்துவிட்டு வரப் போகிறோம். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டு, "யாருக்கு இவ்வளவு நீளமா எழுதறீங்க?" என்று கேட்டார். ஊரில் இருக்கிற என் அக்காவுக்கு என்றேன்.

"அப்படியா? பாவம், அவங்க தனியாவா இருக்காங்க?" என்கிறார்.

என்ன சொல்லட்டும், அக்கா?