கரண்ட் இல்லாமல் தெரியும் என் முகம்

மல்லசமுத்திரம்,
விஜயதசமி கழிந்த ஞாயிறு

மரியாதைக்குரிய மாப்பிள்ளை சந்தோஷ்குமார் அவர்களுக்கு,

மாமனார் கந்தப்பன் எழுதிக்கொண்டது. இங்கே நான், உங்கள் அத்தை பொன்னாயி, கொழுந்தியாள் அறிவுச்செல்வி மூவரும் நலம். இதில் நான் நலம் என்ற பகுதியை மட்டும் இன்னொரு முறை படித்துக்கொள்ளவும். ஃபேர்லேண்ட்ஸில் நீங்களும் தனப்பிரியாவும் பேத்தி இனியாவும் சுகமாக இருக்கத் திருச்செங்கோட்டு மலையானை வேண்டுகிறேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனில் எதைச் சொன்னாலும் உங்கள் அத்தை பக்கத்தில் நின்று திருத்தம் சொல்வதால் கடிதமாக எழுதுகிறேன்.

என் அறுபதாம் கல்யாணத்துக்கு நீங்கள் எனக்குப் புத்தகம் படிக்கிற ரீடரும், தனப்பிரியா அவள் அம்மாவுக்கு டேப்லெட்டும் வாங்கிக் கொடுத்தீர்கள். "ரெண்டையும் பழகிப் பாருங்க மாமா, எது தேவலைன்னு சொல்லுங்க, எங்கப்பாவுக்கும் அதையே வாங்கிடறேன்" என்றும் சொன்னீர்கள். சொல்கிறேன். உங்கள் ரீடரில் குறை சொல்ல முடியாது. வெயிலில் மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்தாலும் எழுத்து பளிச்சென்று தெரிகிறது, கண்ணில் தண்ணீர் வருவதில்லை, அமாவாசைக்குச் சார்ஜ் போட்டால் பௌர்ணமி வரை தாங்குகிறது. பக்கம் திருப்பும்போது ஒரு கணம் இருட்டாகித் திரும்ப வருவது மட்டும் லைன் டிரிப் ஆன மாதிரி இருக்கும், பழகிவிட்டது. டேப்லெட் அப்படி இல்லை. காலையில் பக்திப் பாட்டு, அப்புறம் சமையல், அப்புறம் சீரியல், நடுவில் தனப்பிரியாவோடு முகம் பார்த்துப் பேச்சு என்று மத்தியானத்துக்குள் மூச்சை விட்டுவிடும். உங்கள் அத்தை அதைச் சுவரோரம் ஒயரில் மாட்டி, தானும் சுவரோரம் உட்கார்ந்து, மிச்சத்தைப் பார்ப்பார்கள். வெளியே எடுத்துப் போனால் அதில் பார்க்கிறவர் முகம்தான் தெரியும். இந்த வகையில் பார்த்தால் ரீடர்தான் உசத்தி என்று போன வாரம் வரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வினை ஆயுத பூஜையில் வந்தது. வழக்கம்போல அருவாள், ஸ்பேனர் செட், வண்டிச் சாவி எல்லாம் கழுவித் துடைத்து முன் ரூமில் வைத்தோம். ரீடரை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. "கரண்டுல ஓடறதெல்லாம் ஆயுதந்தானுங்க, டிவிக்கு வெக்கற மாதிரி ஒரு பொட்டு வெச்சா ஆச்சு" என்றார்கள் உங்கள் அத்தை. அது புத்தகம், சரஸ்வதிக்கு வைக்கிற புத்தகத்தை மறுநாள் பூஜை முடியாமல் எடுத்துப் படிக்கக் கூடாது என்றேன் நான். பேசிப் பேசி, கதவுக்கு நேராக மணைப் பலகை போட்டு அதன் மேல் ரீடரை நிமிர்த்தி வைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு, முன்னால் விளக்கும் ஏற்றிவிட்டேன். டேப்லெட்டும் பொட்டு வாங்கிக்கொண்டது. ஆனால் டிவி வகையறா என்பதால் அதற்கு விலக்குக் கிடைத்து, அன்று ராத்திரியும் பொட்டோடு சீரியல் ஓடியது.

இங்கே ஒரு விஷயத்தை நீங்கள் முன்னமே சொல்லியிருக்க வேண்டும் மாப்பிள்ளை. அறுபதாம் கல்யாணப் படங்களை ஒரு புத்தகமாக்கி ரீடரில் ஏற்றிக் கொடுத்தது நீங்கள்தான். அட்டையில் என் முகம். படித்துக்கொண்டிருக்கிற புத்தகத்தின் அட்டையைத்தான் அந்தக் கருவி தூங்கும்போது காட்டும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவும் கருப்பு வெள்ளையில். நல்ல நாளில் அட்டையை மாற்றிவிடலாம் என்று அமுக்கினால் சார்ஜ் தீர்ந்துபோயிருந்தது. சார்ஜ் தீர்ந்தும் என் முகம் போகவில்லை. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். கரண்ட் போனால் எல்லாம் போய்விடும் என்பது ஒன்றுதான் என் வேலையில் நான் சந்தேகமில்லாமல் கற்றுக்கொண்டது. அதையும் உங்கள் கருவி பொய்யாக்கிவிட்டது.

மறுநாள் விஜயதசமி. சங்ககிரி தனபால் வீட்டார் நம்ம அறிவுச்செல்வியைப் பார்க்க வருவதாக இருந்ததை நீங்கள் அறிவீர்கள். எப்பேர்ப்பட்ட இடம் மாப்பிள்ளை. சொந்தமாக லாரிகள், போர் போடுகிற ரிக் வண்டி, பையனுக்கு ஒரு கெட்ட பழக்கம் இல்லை. நம்ம பெண் திருச்செங்கோட்டுக் காலேஜுக்குப் போய்ப் பாடம் நடத்திச் சம்பாதிக்க வேண்டிய அவசியமே இருக்காது, வீட்டில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று அவர்களே பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்கள். காலையில் பூஜை முடிந்ததும் அறிவுச்செல்வியிடம் முன் ரூமை ஒழித்து வைக்கச் சொல்லிவிட்டு நான் தோட்டத்துக்கு இளநீர் இறக்கப் போனேன். உங்கள் அத்தை அடுப்படியில் டேப்லெட்டைப் பார்த்துக் கேசரி கிண்டிக்கொண்டிருந்தார்கள். தனபாலும் அவர் அக்கா ராமாத்தாளும் சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே வந்துவிட்டார்கள்.

வாசல் ஏறினவுடன் அவர்கள் பார்த்தது என்ன? கருப்பு வெள்ளையில் நான், நெற்றியில் பொட்டு, கழுத்தில் மாலை, எதிரே விளக்கு. அருவாளும் ஸ்பேனரும் பக்கத்தில் இருந்திருந்தாலாவது விளங்கியிருக்கும். அதையெல்லாம் பெண் எடுத்து வைத்துவிட்டிருக்கிறது, இது ஒன்றுதான் பாக்கி. ராமாத்தாள் அவளைக் கட்டிக்கொண்டு, "எப்பச் சாமி ஆச்சு? ஒரு வார்த்தை சொல்லியுடலியே" என்று கேட்டிருக்கிறார். அறிவுச்செல்வி கூச்ச சுபாவம் அல்லவா, ஒன்றும் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறது. அவ்வளவுதான். எழவு வீட்டு முறைப்படி, தண்ணீர்கூடக் குடிக்காமல், போய் வருகிறோம் என்றும் சொல்லாமல், எழுந்து போய்விட்டார்கள். நான் இளநீர்க் குலையோடு கேட்டுக்கு வந்தபோது அவர்கள் கார் புழுதி கிளப்பிக்கொண்டு போகிறது. கையை ஆட்டினேன், அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மாதிரி வீட்டிலிருந்து போகிறவர்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

இந்த இடத்தைக் கொண்டுவந்தது என் பங்காளி செங்கோடன் அல்லவா, தனபால் காரிலிருந்தே அவனுக்குப் போன் போட்டுத் துக்கம் சொல்லியிருக்கிறார். செங்கோடன் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மண்டியைச் சாத்திவிட்டு, பெரிய ரோஜா மாலையும் கோடித்துணியுமாக, தெருமுனையிலிருந்தே அழுதுகொண்டு வந்தான். நான் வாசலில் இளநீர் சீவிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் அழுகை நின்றது, கோபம் வந்தது. "விஜயதசமி யாவாரத்த உட்டுட்டு ஓடியாந்தேன். உனக்கு ஒண்ணுமில்லியா?" என்றான். ஒன்றுமில்லை என்று மன்னிப்புக் கேட்கிற தோரணையில்தான் நானும் சொல்ல வேண்டியிருந்தது. "அப்ப இந்த மாலைய என்ன பண்றது?" என்றான். உங்கள் அத்தை வாங்கிப் போய்ச் சாமி படத்துக்குப் போட்டார்கள். கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, இனிமேல் உங்கள் வீட்டு விஷயத்தில் தலையிட மாட்டேன், நீங்களாச்சு சங்ககிரியாச்சு என்று போய்விட்டான்.

நானே தனபாலுக்குப் போன் செய்தேன். எடுத்தார். "நாந்தானுங்க கந்தப்பன்" என்றதும் வைத்துவிட்டார். அப்புறம் என் நம்பரை எடுப்பதே இல்லை. உங்கள் அத்தை டேப்லெட்டிலிருந்து கூப்பிட்டு, நான் உயிரோடு இருப்பதைச் சொன்னாலும் ராமாத்தாள், "மனசத் தேத்திக்கங்க, வருசந் திரும்பட்டும், அப்புறம் நல்லது பேசலாம்" என்று சொல்கிறாராம். அதுவரை அந்தப் பையனை யார் விட்டு வைப்பார்கள்? நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகையால் மாப்பிள்ளை, நீங்கள் ஒரு நாள் லீவு போட்டுச் சங்ககிரி போய், நான் உயிரோடு இருக்கிறேன் என்று படித்த மனிதராக எடுத்துச் சொல்ல வேண்டும். கரண்ட் இல்லாமல் ஒரு முகம் எப்படித் தெரியும் என்பதை விளக்கிவிட்டால் மற்றதெல்லாம் சரியாகிவிடும். எனக்கு அது விளங்கவில்லை, உங்களுக்கு விளங்கும். வரும்போது அந்த ரீடரை எடுத்துக்கொண்டு போய்விடவும். உங்கள் அப்பாவுக்கு டேப்லெட்டே வாங்கிக் கொடுங்கள். அதில் சார்ஜ் போனால் ஆளும் போய்விடுகிறார், குழப்பம் இல்லை.

சம்பந்தியம்மாவுக்கும் சம்பந்திக்கும் எங்கள் வணக்கம். இனியாக்கண்ணுக்கு முத்தம். நீங்களும் தனப்பிரியாவும் எல்லா நலமும் பெற்று நீடு வாழ்க.

இப்படிக்கு,
உயிரோடுள்ள மாமனார்,
கந்தப்பன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ஒரு சந்தேகம் வந்து அறிவுச்செல்வியைக் கூப்பிட்டேன். "ஏஞ் சாமி, அருவா, ஸ்பேனரு எல்லாத்தையும் எடுத்து வெச்சவ, அத மட்டும் ஏன் உட்டுட்ட?" என்றேன். "வேணும்னுதானுங்கப்பா உட்டேன். வெளக்குக்கு எண்ணெயும் நாந்தான் ஊத்துனேன்" என்றாள். நான் திட்ட வாயைத் திறப்பதற்குள் மீதியையும் சொன்னாள். "கல்யாணமானா வேலைய உட்டறோணும்ங்கறாங்க, எனக்கு அந்த எடம் வேண்டாமுங்கன்னு உங்ககிட்ட வந்து சொன்னேன். நீங்க படிச்சுக்கிட்டே, ம், சரி சாமின்னீங்க. அம்மாகிட்டச் சொன்னேன். அம்மா டேப்புல இருந்து தலையத் தூக்கல. வேற ஆருகிட்டப் போய்ச் சொல்லட்டும்?" அழாமல்தான் சொன்னாள். அழுதிருந்தால் அதட்டியாவது இருப்பேன். அவள் வந்து சொன்னது எனக்கு நினைவே இல்லை மாப்பிள்ளை. உங்கள் அத்தைக்கும் இல்லை. எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு எதை வேண்டுமானாலும் வாங்கிக் கொடுங்கள், எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கின்றன. மேலே எழுதியதைப் பொருட்படுத்த வேண்டாம், லீவும் போட வேண்டாம். சங்ககிரிக்காரர்களுக்கு நான் செத்தவனாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.