ராக்கெட்டண்ணனின் நட்சத்திரக் கப்பல்

அடுத்த நட்சத்திரத்துக்குக் கப்பல் விடுவதில் உள்ள அத்தனை சிக்கலையும் தீர்த்துவைத்தவர் எங்கள் ராக்கெட்டண்ணன். தன் த்ரீவீல் ஆட்டோவின் ஹோர்னைத்தான் இன்றுவரை அவரால் சரிசெய்ய முடியவில்லை.

யட்டியாந்தோட்டைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷனில், அவருடைய சொந்தப் பெயர் அவர் லைசென்சுக்கு மட்டும்தான் தெரியும். போனில் விண்வெளி வீடியோவாகப் பார்த்துத் தள்ளுவார். பஜாருக்குக் கருவாடு வாங்கப் போகிறவர்களிடம் வழிநெடுகக் கொட்டுவார்.

"தூரம் கூடுனா பெட்ரோலு கூடணும். அந்தப் பெட்ரோலத் தூக்க இன்னும் பெட்ரோலு வேணும். வெளங்குதா தம்பி?"

"வெளங்குதுண்ணே, ரோட்டப் பாருங்க."

"போய்ச் சேர பல தலைமுறை ஆகும். ஏறுனவங்க எறங்க மாட்டாங்க. நடுவுல பொறக்குற புள்ளைங்கதான் எறங்கும்."

"அவ்வளவு காலம் ஒரு டப்பாவுக்குள்ள யாருண்ணே இருப்பா?"

"நம்மள விட்டா யாரு? நாலு தலைமுறையா ஒரே லயத்துல, ஒரே செவத்துக்கு ரெண்டு பக்கமும் இருக்கோம். அடிச்சுக்கிட்டுச் செத்தா போயிட்டோம்?"

கப்பலின் படமும் வைத்திருந்தார். வரிசையாக ஒற்றை அறைக் காம்பராக்கள், பொதுக் குழாய், கடைசியில் ஒரு சின்ன சேர்ச். அசல் எங்கள் லயமேதான்!

பெட்ரோல் தட்டுப்பாட்டுக் காலம். ஒரு காலையில் என் மனைவிக்குப் பிரசவ வலி வந்துவிட்டது. தோட்டத்து லொறியில் டீசல் இல்லை. அண்ணனின் டாங்கியிலோ அரைப் போத்தல்தான் இருந்தது. ஆனாலும் அவரிடம்தான் ஓடினேன்.

"ஏறுங்க! கப்பல ஒருதடவ தள்ளிவிட்டா சும்மாவே போகும். கடைசி ஏத்தத்துக்கு மட்டும் பெட்ரோலு போதும்."

பின்னால் மனைவியும் மிட்வைஃப் மிஸ்ஸியும். முன்னால் அவர் சீட்டில் பாதியில் நான். எஞ்சினை அணைத்துவிட்டு மலையில் இறங்கினோம். வளைவுக்கு வளைவு ஹோர்னுக்குப் பதிலாக அவரே சிங்களத்தில் விலகச் சொல்லிக் கத்தினார்: "அயின் வென்ன! அயின் வென்ன!" சிங்களம், தமிழ் பார்க்காமல் ஆள், நாய், கோழி எல்லாம் ஒதுங்கின.

பஜார் தெரியும்போது பின்னால் ஒரு அழுகைச் சத்தம். அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை.

"மிஸ்ஸி, இப்ப எத்தன பேரு?"

"நாலு பேரு ஏறுனோம். இப்ப அஞ்சு. பொம்பளப் புள்ள!"

அதன்பிறகுதான் எஞ்சினைப் போட்டார். மிச்சம் வைத்த பெட்ரோல் ஆஸ்பத்திரி ஏற்றத்தை ஏறி, வாசலில் தீர்ந்தது. மகளை அணைத்தபடி என் மனைவி சிரித்துக்கொண்டே இறங்கினாள். அண்ணன் சட்டைக் காலரால் கண்ணைத் துடைத்தார்.

"என் கணக்கு தப்பு தம்பி. ஏறுனவங்களும் எறங்கிட்டாங்களே!"

அந்தக் கப்பல் என்றைக்குக் கிளம்பினாலும் சரி, அண்ணே, உங்கள் செவத்துக்கு அடுத்த காம்பரா எங்களுக்குத்தான்.