யாரும் படிக்காத மொழியில் ஒரு காளான் காடு

பிராக், 3 அக்டோபர் 1928

அன்புள்ள பெர்த்தா அக்காவுக்கு,

வியன்னாவில் உன் முழங்கால் வலியும் அத்தானின் முன்கோபமும் சற்றே தணிந்திருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். இரண்டு நாள் யோசித்து, நடுவில் ஒருமுறை மனம் மாறி, கடைசியில் என் காளான் கூடையை வீட்டுக் காவலாளியின் மனைவிக்குக் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்திருக்கிறேன்.

காரணம் விளாசாக். என் நாவலை இரண்டு வருடமாகச் செக்கில் மொழிபெயர்த்துவரும் கவிஞர். ஒரே அத்தியாயம்தான் பாக்கி. பதினோரு வருடமாக, செக் எழுத்தாளர்கள் கூடும் எங்கள் வியாழக்கிழமை பீர் மேசையில் நான் வெறும் ஜெர்மன்காரன். அந்தப் புத்தகம் வந்தால்தான் இங்கே நானும் எழுத்தாளன். ஆகஸ்டில் அவர் என்னைக் காட்டில் தான் காளான் பறிக்கும் ரகசிய இடத்துக்கே கூட்டிப்போனார். இந்த ஊரில் ஒருவர் தன் காதல் கடிதங்களைக்கூடக் காட்டுவார், காளான் இடத்தைக் காட்டமாட்டார். "என் பொண்டாட்டிக்கே தெரியாது லியோ, வாயத் திறந்த, தொலைச்சுடுவேன்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. ஜெர்மன் பத்திரிகையில் எழுதினேன்: மில்லுக்குப் பின்னால், இடி விழுந்த பைன் மரம், இடப்பக்கம் நாற்பது அடி. "உன் எழுத்த உன்னையும் அச்சுக்கோக்குறவனையும் விட்டா எவன்யா படிக்கிறான்?" என்று எங்கள் மேசையின் விமர்சகர் குத்ர்னா வாராவாரம் கேட்பாரே, அந்தத் தைரியம்தான்.

சென்ற ஞாயிறு விளாசாக்கும் நானும் அங்கே போனபோது, பைன் மரத்தடியில் எங்கள் பீர் மேசைக் கூட்டம் மொத்தமும் நின்றது. ஏழு பேர், ஏழு கூடை. குத்ர்னா வாய்விட்டு அடி எண்ணிக்கொண்டிருந்தார்.

"நீதான் ஜெர்மனே படிக்கமாட்டியே?" என்றார் விளாசாக்.

"படிக்கல. கறி சுத்திக் குடுத்த பேப்பர்ல கண்ணு பட்டுச்சு."

"ஏழு பேருக்கும் கறியா?"

குத்ர்னா என் பக்கம் திரும்பினார். "மூணாவது பத்தி இழுவைய்யா. உன் நாவல்லயும் அதே வியாதிதான்."

மற்ற ஆறு பேரும் தலையாட்டினார்கள். ஆறு பேருமே, அக்கா! பதினோரு வருடம் வெற்று அறையில் பேசுவதாக நினைத்திருந்தேன். கதவுக்குப் பின்னால் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். விளாசாக் காலிக் கூடையோடு எங்களுக்கு முந்தைய ரயிலிலேயே போய்விட்டார். அவர் மன்னிக்கப்போவதில்லை, கடைசி அத்தியாயமும் வரப்போவதில்லை. அப்படியிருந்தும் அன்று நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதுதான் வெட்கக்கேடு.

அத்தானுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு ஆசி.

உன் தம்பி,
லியோபோல்ட்

பி.கு.: இந்தக் கடிதத்தில் உள்ள துயரங்களைப் பொருட்படுத்த வேண்டாம். காலையில் விளாசாக் வந்தார். "ஒழிஞ்சு போ, வேற இடம் பாத்துட்டேன்" என்று கட்டிப்பிடித்தார். கடைசி அத்தியாயத்தையும் முடித்துச் செக் பதிப்பாளரிடம் கொடுத்துவிட்டார். காட்டில் நடந்ததையும் அவரிடம் வேடிக்கையாகச் சொன்னாராம், அவரும் விழுந்து விழுந்து சிரித்தாராம். "வாங்கக்கூடியவர்கள் ஏற்கெனவே ஜெர்மனில் படித்துவிட்டதாகத் தெரியவருவதால்" என்று எழுதி, பிற்பகல் தபாலில் பதிப்பாளர் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.