டிராலிக்குள் தூங்கிய மெர்ச்சண்டைசர்

காய்ச்சல் வந்த ஆண்பிள்ளையைப் போல வீட்டுக்குப் பாரமான ஜீவன் வேறு கிடையாது. பெண்களுக்குக் காய்ச்சல் வந்தால் அது அவர்களுக்கு மட்டும்தான் வரும். நமக்கு வந்தால் வீடு மொத்தமும், பக்கத்து வீடும், பால்காரரும் சேர்ந்து அனுபவிக்க வேண்டும். இதை ஆராய்ச்சி செய்து சொல்லவில்லை. சிக்குன்குனியா திருப்பூருக்கு வந்த வருஷம் நாலு பேர் முன்னிலையில் நிரூபித்துக் காட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

அந்த வருஷத்தை எங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பனியன் கம்பெனிகளுக்கு வரவேண்டிய டெய்லர்களில் பாதிப் பேர் வரவில்லை. வந்த பாதிப் பேரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பழைய பஸ் நிலையத்தில் நின்று பார்த்தால் ஊரே குனிந்து நடந்துகொண்டிருக்கும். ஏற்கெனவே எங்கள் கொங்கு ஜனங்களுக்கு மரியாதை கொஞ்சம் தூக்கல். எதிரே வருகிறவர் வணக்கம் சொல்லக் குனிகிறாரா, வலியில் குனிந்திருக்கிறாரா என்று தெரியாமல் நானும் பதிலுக்குக் குனிந்து, நிமிர முடியாமல் நின்றதுண்டு.

எனக்கு வந்த காய்ச்சல் சில நாட்களில் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு வந்ததுதான் வினை. மூட்டுக்கு மூட்டு வலி குடியேறி, வாரக்கணக்கில் காலி செய்ய மறுத்தது. உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருக்கும். மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவேன். அத்தனை அசதியிலும் தூக்கம் மட்டும் வராது. புரண்டால் முழங்கால் கத்தும், புரளாவிட்டால் தோள்பட்டை கத்தும். நான் இரண்டுக்கும் சேர்த்துக் கத்துவேன்.

"பொன்னு, தூக்கமே வரமாட்டேங்குது."

"வரும். கண்ண மூடிக் கெடங்க" என்பாள் பக்கத்திலிருந்து என் மனைவி பொன்மணி.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அறிவிப்பேன். மறுபடியும் அதே பதில் வரும். அவள் குரலில் சலிப்பே இருக்காது. (இருந்திருந்தால் அதைப் பற்றியும் ஒரு புகார் சொல்லியிருப்பேன்.)

பொன்மணிக்குக் கோவில்பட்டிப் பக்கம். அவள் அப்பா பனியன் கம்பெனி வேலைக்காகக் குடும்பத்தோடு திருப்பூர் வந்தவர். அவள் இங்கேயே படித்து, ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர் ஆனவள். அவளுக்கும் இதே காய்ச்சல், எனக்கு முன்னாலேயே வந்திருந்தது. விரல்கள் வீங்கி, சாக்பீஸ் பிடிக்க முடியாமல் லீவில் இருந்தாள். அந்த மடங்காத விரல்களை வைத்துக்கொண்டு அவள் குடும்பம் நடத்திய அழகை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை. குழாயை மணிக்கட்டால் திருகுவாள். சப்பாத்தி மாவை முழங்கையால் பிசைவாள். மகளுக்குத் தலை பின்ன முடியாமல் போனதும், "இந்த மாசம் ஃபேஷன் இதுதான்" என்று சொல்லி, ஒரு ரப்பர் பேண்டைப் பல்லால் இழுத்துக் குதிரைவால் போட்டு அனுப்பினாள். மகளும் பெருமையோடு போனாள்.

என் வலிக்குச் சூடு இதமாக இருக்கிறது என்று கண்டுபிடித்ததும் அவள்தான். ஒரு பழைய வேட்டியை இஸ்திரி போட்டு, சூட்டோடு மடித்து என் முழங்காலில் வைப்பாள். ஆறியதும் மறுபடியும் தேய்ப்பாள். இஸ்திரிப் பெட்டியின் கைப்பிடியை விரல்களால் பிடிக்க முடியாது என்பதால் அதை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே அழுத்திக்கொண்டு தேய்ப்பாள். அந்தச் சூட்டில் மட்டும் எனக்குக் கண் சொக்கும். வேட்டி ஆறியதும் முழிப்புத் தட்டிவிடும்.

இது போதாதென்று ஊரில் யார் எந்த வைத்தியம் சொன்னாலும் நான் விடுவதில்லை. கடைசியாக வந்து சேர்ந்தது ஒரு பச்சைத் தைலம். தாராபுரம் ரோட்டில் ஒருவர் காய்ச்சிக் கொடுத்தார். வலி போனதோ இல்லையோ, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் போய்விட்டார்கள். அப்படி ஒரு வாசனை. என் சட்டை, பனியன், தலையணை உறை எல்லாம் பச்சையாகிக்கொண்டிருந்தன.

அப்போது நான் முதலிபாளையத்தில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் கேட்டதற்கும் கம்பெனி செய்ததற்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம் அது. அந்தச் சமயம் வெளிர்நீல டி-சர்ட் ஆர்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. இந்த நீலம்தான் வேண்டும் என்று பையர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த துணித்துண்டு ஒன்று என்னிடம் இருந்தது. அதற்கு அப்ரூவல் பிட் என்று பெயர். சாயம் ஏறி வந்த துணியை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பையரின் ஆள் ஓகே சொன்னால்தான் கட்டிங்கில் கத்தியை வைக்கலாம்.

அந்த ஆள் சென்னையிலிருந்து வருகிறார் என்று தகவல் வந்தது. காலையில் பார்த்துவிட்டு மதியமே கிளம்பிவிடுவார். அன்றைக்கு ஓகே ஆகாவிட்டால் கப்பலைத் தவறவிட்டுவிடுவோம். அப்புறம் சரக்கை விமானத்தில்தான் அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பினால் ஆகிற செலவில் கம்பெனியைப் பூட்ட வேண்டியதுதான்.

அதற்கு முதல் நாளே முதலாளி கூப்பிட்டுச் சொன்னார். "ஏனுங்க சம்முகம், அந்தப் பிட்டை மட்டும் உசுரு மாதிரி வச்சுக்கோங்க. நாளைக்கு ஷேடு ஓகே ஆகலீன்னா நம்ம கதை முடிஞ்சுதுங்க."

காலையில் கிளம்பும்போது பொன்மணி சொன்னாள், "உங்களால நிக்கவே முடியல. பிட்ட யார்ட்டயாவது குடுத்துவிடக் கூடாதா?"

நான் இல்லாவிட்டால் இந்தியாவின் ஏற்றுமதி நின்றுவிடும் என்று அப்போது உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். அதையே கொஞ்சம் பணிவான வார்த்தைகளில் சொன்னேன். அவள் என் சட்டைப்பையிலிருந்து பிட்டை எடுத்து, மாத்திரை வாங்கி வந்த ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு, விரல் மடங்காததால் கவரின் வாயைப் பல்லால் கடித்து மூடி, திரும்பப் பையில் வைத்தாள்.

"கவர்ல எல்லாம் போடக் கூடாது பொன்னு, சுருக்கம் விழும்."

"சுருக்கம் விழுந்தா தேச்சுக்கிடலாம். இந்தப் பச்ச விழுந்தா என்ன செய்வீங்க?"

படிக்காதவள் என்றால் அதட்டியிருக்கலாம். டீச்சர். பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

துணி இருந்தது வீரபாண்டியில், எங்கள் வீட்டுக்குக் கிட்டத்திலேயே ஒரு சாயப்பட்டறையில். சாயம் போட்ட துணியை அங்கேயே காம்பாக்டிங் மிஷினில் விடுவார்கள். நீராவியும் சூடான உருளைகளும் சேர்ந்து துணியைச் சரியான அளவுக்குக் கொண்டுவரும். மறுபக்கத்தில் துணி மடிப்பு மடிப்பாக, அடுப்பிலிருந்து இறக்கினதுபோல் கதகதவென்று டிராலியில் வந்து விழும். டிராலி என்றால் கட்டில் நீளத்துக்குச் சக்கரம் வைத்த பெரிய தொட்டி. நான் போனபோது வேறொரு கம்பெனியின் வெள்ளைத் துணி முடிந்து, எங்கள் நீலம் ஏறப்போகிற நேரம். பையரின் ஆள் வர இன்னும் நேரமிருந்தது. நிற்க முடியாமல், நிறைந்திருந்த வெள்ளைத் துணி டிராலியின் விளிம்பில் லேசாகச் சாய்ந்தேன்.

சூடு இடுப்பில் ஏறியது. ஆயிரம் வேட்டியை ஒரே நேரத்தில் தேய்த்து வைத்தது மாதிரி ஒரு சுகம். ஒரு நிமிஷம் உட்காரலாம் என்று உட்கார்ந்தேன். துணி உள்ளே வாங்கிக்கொண்டது. கால் வலிக்கிறதே என்று காலையும் உள்ளே வைத்தேன். விளக்கு வெளிச்சத்தில் கண் கூசியது, ஒரு மடிப்பை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இனி வருவதெல்லாம் பிறர் சொல்லக் கேட்டது. வெள்ளைத் துணி டிராலியில் தூசி விழாமல் மேலே ஒரு விரிப்பைப் போட்டு மூடிவிட வேண்டும் என்பது அந்தப் பட்டறையில் கண்டிப்பான வழக்கம். பீகார்க்காரர் ஒருவர் வந்து முறையாக மூடி, டிராலியைச் சுவரோரமாக மற்ற டிராலிகளோடு தள்ளி நிறுத்திவிட்டார். (பிற்பாடு கேட்டபோது "கப்டா சம்ஜா, சார்" என்றார். துணி என்று நினைத்தாராம். அந்த நேரத்தில் நான் ஏறக்குறைய துணிதான், அவரைக் குறை சொல்ல முடியாது.)

முதலாளி பையரின் ஆளைக் காரில் அழைத்து வந்து இறங்கினார். நீலத் துணி தயார். நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கிற விளக்குப் பெட்டி தயார். பிட்டைக் காணோம், பிட்டை வைத்திருந்த என்னையும் காணோம். என் பைக் வெளியே நிற்கிறது. டேங்க் கவருக்குள் செல்போன் தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கிறது.

காம்பாக்டிங் மாஸ்டர் ராமசாமி, "இப்பத்தானுங்க இங்க நின்னாரு. நிக்கவே முடியாம ஆடிட்டு இருந்தாருங்க" என்றிருக்கிறார்.

அவ்வளவுதான், முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. தள்ளாடின ஆள் போய்ச் சாயத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டான் என்றே முடிவு கட்டிவிட்டார். மாஸ்டர் நீளமான மூங்கில் ஒன்றைக் கொண்டுவந்து தொட்டியைத் துழாவ ஆரம்பித்தார். பையரின் ஆள் கைக்கடிகாரத்தையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி பொன்மணிக்குப் போன் போட்டார்.

அவள் ஸ்கூட்டியில் வந்தாள். பிரேக்கைப் பிடிக்க விரல் மடங்காது. வழி நெடுக உருட்டுகிற வேகத்தில் ஓட்டி வந்து, வாசலில் இரண்டு காலையும் தரையில் தேய்த்து நிறுத்தினாளாம். தொட்டியையும் மூங்கிலையும் பார்த்திருக்கிறாள். வேறு யாராவதாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பார்கள்.

"தண்ணியில தேடாதீங்க" என்றாள். "இப்ப அவரு தண்ணிப் பக்கமே போறதில்ல, குளிக்கவே கெஞ்சுதேன். இந்த எடத்துல எங்க ரொம்பச் சூடா இருக்கும்?"

"பாய்லர் ரூமுங்க, அம்மணி" என்றார் மாஸ்டர். "அப்புறம் மிசின்ல இருந்து எறங்குற துணிங்க."

"எறங்குன துணி எங்க?"

சுவரோரம் வரிசையாக டிராலிகள். பொன்மணி ஒவ்வொன்றின் பக்கத்திலும் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஒரு டிராலியில் பச்சைத் தைலம் மணத்தது. விரிப்பை எடுத்தாள், வெள்ளைத் துணியின் மடிப்பை விலக்கினாள். உள்ளே நான், வாரக்கணக்கில் தவறவிட்ட தூக்கத்தையெல்லாம் ஒரே மூச்சில் வசூல் செய்துகொண்டிருந்தேன். என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

நான் கண்ணைத் திறக்கவில்லை. குறட்டையை மட்டும் நிறுத்திவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி தெளிவாகச் சொன்னேன்:

"பொன்னு, தூக்கமே வரமாட்டேங்குது."

மிஷின் வேறு நின்றிருந்த நேரம். பட்டறை முழுவதும் கேட்டது. மாஸ்டர் மூங்கிலைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். தமிழ் தெரியாத பீகார்க்காரரும் சிரித்தார். முதலாளி மட்டும் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கேட்டார்: "ஏனுங்க சம்முகம், வராதபோதே இப்படின்னா, வந்துச்சுன்னா எப்படிங்க?"

எழுந்து வெளியே வந்தேன். நான் படுத்திருந்த வெள்ளைத் துணியில் இரண்டு முழங்கால், இரண்டு முழங்கை, ஒரு கழுத்து ஆகியவை பச்சை நிறத்தில் அழகாகப் பதிவாகியிருந்தன. பையரின் ஆள் குனிந்து பார்த்து, "இது என்ன டிசைன்?" என்றார்.

மாஸ்டர் தலையில் கை வைத்தார். "அடுத்த கம்பெனித் துணிங்க. மறுக்காத் தொவைச்சுத்தானுங்க எடுக்கோணும்."

அப்போதுதான் எல்லோருடைய கண்ணும் என் சட்டைப்பைக்குப் போனது. பையும் பச்சை. வியர்வையும் தைலமும் ஊறி, பிழிந்தால் சொட்டும் போலிருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. முதலாளி "முருகா" என்றார். நான் உள்ளே இருந்ததை எடுத்தேன். மாத்திரைக் கவர் வெளியே பூராவும் பச்சை. உள்ளே அந்த நீலத் துண்டு, பல்லால் மூடின கவருக்குள், பையர் கொடுத்த அன்றைக்கு இருந்தது போலவே இருந்தது. லேசாகச் சுருக்கம் மட்டும் விழுந்திருந்தது.

விளக்குப் பெட்டியில் வைத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, பையரின் ஆள் ஓகே என்றார். முதலாளி உடனே கட்டிங்குக்குப் போன் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "எங்கீங்க அம்மணி? அவங்களுக்குத்தான் சம்பளம் போடோணும், உங்களுக்கு இல்லீங்க" என்றார்.

நானும் திரும்பிப் பார்த்தேன். பொன்மணி மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் இறங்கியிருந்த எங்கள் நீலத் துணிக்குள் இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை புதைத்திருந்தாள். தலை டிராலி விளிம்பில் சாய்ந்திருந்தது. தூங்கிவிட்டிருந்தாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வாரமாகத் தூக்கம் வரவில்லை என்று நான் சொன்னபோதெல்லாம் உடனே பதில் வந்ததே, தூங்குகிறவள் எப்படிப் பதில் சொல்லியிருப்பாள்? எனக்கு வந்த அதே காய்ச்சல், அதே வலி. அவளுக்குச் சூடு வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. யாரும் என்றால் நான்தான், சின்ன மகளைத் தவிர வீட்டில் வேறு யார் இருந்தார்கள்? கிட்டே போய் மெதுவாகத் தோளைத் தொட்டேன்.

அவள் கண்ணைத் திறக்காமலேயே சொன்னாள்: "வரும்ங்க... கண்ண மூடிக் கெடங்க."

இதுவும் எல்லோருக்கும் கேட்டது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மாஸ்டர் உதட்டில் விரலை வைத்து மற்றவர்களைப் பார்த்தார். கட்டிங் டேபிளின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கத்திப் பேசியே பழகிய எங்கள் முதலாளி, பையரின் ஆளைக் கையைப் பிடித்து, பூனை மாதிரி நடந்து வெளியே கூட்டிப்போனார். நான் ஸ்டூல் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். அவளாக எழுந்திருக்கும் வரை யாரும் எழுப்பவில்லை.

எங்கள் சொந்தக்காரர் கல்யாணங்களில் இன்றைக்கும் எனக்கு டிராலி மாமா என்றுதான் பெயர். ஞாயிற்றுக்கிழமை நான் சோபாவில் வாயைத் திறந்து குறட்டை விட்டால், கல்லூரி முடித்துவிட்ட மகள் வந்து உலுக்கி, "என்னப்பா, தூக்கமே வரமாட்டேங்குதா?" என்பாள். கதையின் முன்பாதியை அவள் என்னைவிட நன்றாகச் சொல்கிறாள். பின்பாதியை நான் ஆரம்பித்தால் பொன்மணி விடுவதில்லை. "நான் எங்க தூங்குனேன்? சும்மா கண்ண மூடிட்டு இருந்தேன்" என்பாள்.

வீட்டில் இஸ்திரி இப்போது என் இலாகா. மழைக்காலம் வந்தால் அவள் விரல்கள் இன்னும் கொஞ்சம் மக்கர் செய்யும். தூக்கம் வரவில்லை என்று ஒரு நாளும் சொல்ல மாட்டாள். நானாக வேட்டியைத் தேய்த்து, சூட்டோடு மடித்து அவள் கைமேல் வைத்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று சொல்லி வைப்பேன்: "வரும் பொன்னு, கண்ணை மூடிக்கோ."