வண்டிக்கு மூச்சு முட்டுது

இனிமேல் தன்னை ஒரு ரொட்டி வண்டி முந்திப் போகக்கூடாது என்று நம்ம ஆள் சபதம் எடுத்தார். எடுத்த இடம் மேம்பாலத்தின் ஏற்றம். இவர் ஆக்சிலேட்டரைத் தரையோடு தரையாக மிதித்துக்கொண்டிருக்கிறார். வண்டி இருமிக்கொண்டிருக்கிறது. பின்னால் வந்த ரொட்டி வண்டி மரியாதையாக ஒரு ஹாரன் அடித்துவிட்டு முந்திப் போகிறது. போனால் போய்த் தொலையட்டும். அந்த டிரைவர் போகிற போக்கில், "பதறாம ஓட்டுங்க சார், போகப் போகப் பழகிடும்" என்று ஆறுதல் வேறு சொல்லிவிட்டுப் போனான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. வண்டியின் தலையில் 'ஓட்டுநர் பயிற்சி' என்று பலகை. முதுகில் சிவப்பு 'L' எழுத்து. வண்டி நம்ம ஆளுடையதுகூட இல்லை, மனைவியுடையது. அவள் ஊராருக்குக் கார் ஓட்டக் கற்றுத் தருகிறாள். தெருவே அவளை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடும். அவளுடைய சம்பாத்தியம் மொத்தமும் அந்த நாலு சக்கரத்தின் மேல்தான் ஓடுகிறது. நம்ம ஆளுக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. அடுத்தவன் எழுத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் தெருக்கோடியில் நின்றே கண்டுபிடித்துவிடுவார். தன் சமாச்சாரம் என்று வந்தால் மட்டும் கண் அவிந்துவிடும்.

சபதம் எடுத்தவர் வழி தேடிக் கைப்பேசியைத் திறந்தார். ஒரு வீடியோவில், வீட்டுக்குள்ளேயே கூலிங் கிளாஸ் போட்டிருந்த ஒருத்தன் வழி சொன்னான். காரின் வயிற்றுக்கடியில், புகைக்குழாயின் நடுவில், கேட்டலிடிக் கன்வெர்ட்டர் என்று ஒரு டப்பா இருக்கிறதாம். புகையில் இருக்கும் நஞ்சை முறித்து அனுப்புவது அதன் வேலையாம். அதுதான் தொண்டையில் சிக்கிய மாங்கொட்டை மாதிரி எஞ்சினை மூச்சுவிடாமல் செய்கிறதாம். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, சைலன்சரோடு சேர்த்து அகலமான குழாய் ஒன்றைப் போட்டால் வண்டி பறக்குமாம்.

ராத்திரி சாப்பாட்டில் நைசாகப் பேச்சை எடுத்தார். வண்டிக்கு மூச்சு முட்டுது, பாவமா இருக்கு என்றார். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. புதுசாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு வண்டி மெதுவாகப் போனால்தான் உயிர் மிஞ்சும் என்றாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவள் சொன்னாள்:

"என் வண்டி ஒண்ணும் உங்க புரூஃப் இல்ல, இஷ்டத்துக்கு அடிச்சுத் திருத்த. அதுல மட்டும் கை வெச்சுடாதீங்க."

கை வைக்காதே என்று சொன்ன பிறகு கை சும்மா இருக்குமா? அந்த வாரமே அவளுடைய அக்காவுக்குக் கண்ணில் ஆபரேஷன் என்று செய்தி வந்தது. கூட இருந்து பார்த்துக்கொள்ளக் கிளம்பிவிட்டாள். பஸ் ஏற்றிவிட்டு வந்தவர் வீட்டுக்கே போகவில்லை. நேராக மெக்கானிக்கிடம் போய் நின்றார்.

மெக்கானிக் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். டீச்சரம்மா வண்டியாச்சே, அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியாச்சா என்று கேட்டார். அவங்கதான் செய்யச் சொல்லி அனுப்பிச்சாங்க என்று நம்ம ஆள் கூசாமல் புளுகினார். மெக்கானிக் சாவியைக் கையில் வைத்து உருட்டினார். சாயங்காலம் வந்து எடுத்துக்கோங்க சார் என்றார்.

சாயங்காலம் போனால் வண்டி மின்னுகிறது. பின்னால் புகைக்குழாயின் முனை கண்ணாடி போலப் பளபளக்கிறது. நம்ம ஆள் குனிந்து அதில் முகம் பார்த்துத் தலையைக் கோதிக்கொண்டார். அடியில் எட்டிப் பார்த்தாரா? பார்த்தார். பார்த்து என்ன புரியப்போகிறது? எல்லாம் கறுப்பாக இருந்தது. திருப்தியாக எழுந்தார்.

அடேயப்பா, மேம்பாலத்தில் அன்றைக்கு வண்டி போன போக்கு! ஆக்சிலேட்டரைத் தொட்டதும் பாய்ந்தது. எஞ்சின் சத்தமே மாறிப்போயிருந்தது. காதோரம் காற்று சீறியது. ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார். ஏற்றத்தின் உச்சியில் ஒரு சைக்கிளையும் ஒரு தண்ணீர் லாரியையும் முந்தினார். லாரிக்காரர் ஓரமாக நிறுத்தி டீ குடித்துக்கொண்டிருந்ததை நம்ம ஆள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இப்பேர்ப்பட்ட சந்தோஷத்தை மனசுக்குள் பூட்டி வைக்க முடியுமா? பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரரை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று வந்தார். பிக்கப் எப்படி, பிக்கப் எப்படி என்று திருப்பத்துக்குத் திருப்பம் கேட்டார். கேட்கிற வேகத்துக்கு மறுக்கவா முடியும்? ஆமா சார், பறக்குது என்றார் அந்த மனுஷர். இறங்கும்போதுதான் என்ன செய்தீர்கள் என்று விசாரித்தார். நம்ம ஆள் பெருமையோடு சொன்னார். மருந்துக்கடைக்காரரின் முகம் சுருங்கியது.

"அந்த டப்பாவையா கழட்டிட்டீங்க? புகை டெஸ்ட்ல பெயிலாகிடுமே சார். எங்க சகலைக்கு இப்படித்தான் ஆச்சு. வண்டியை ரோட்டுல இறக்கவே விடல."

நம்ம ஆள் கைப்பேசியை எடுத்து அந்த வீடியோவை மறுபடியும் ஓட்டிப் பார்த்தார். கூலிங் கிளாஸ்காரன் இதைச் சொல்லவே இல்லையே!

மனைவி திரும்பி வந்தாள். பையை வைத்தாள், முகம் கழுவினாள், அடுத்த வாரக் கணக்கைச் சொன்னாள். வெள்ளிக்கிழமை வண்டிக்குப் புகைப் பரிசோதனை. திங்கட்கிழமை மூன்று பேருக்கு லைசென்ஸ் பரீட்சை. அதில் ஒருத்தி நர்ஸ், வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற வேலை கிடைத்திருக்கிறது, லைசென்ஸ் இருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். ஏற்கெனவே இரண்டு தடவை கோட்டை விட்டவள். இந்த வண்டி கிளட்ச்தான் அவள் காலுக்குப் பழக்கம். இந்தத் தடவை எப்படியாவது கரையேற்றிவிட வேண்டும் என்று மனைவி சொல்லச் சொல்ல, நம்ம ஆள் விரல் விட்டு எண்ணினார். பரிசோதனையில் வண்டி தோற்றால் நர்ஸும் போச்சு, மற்ற இரண்டு பேரும் போச்சு. டீச்சரம்மா வண்டி ஓரங்கட்டப்பட்டது என்று தெரிந்தால் அப்புறம் யார் அவளிடம் வந்து சேருவார்கள்?

வாசலில் போய் வண்டியைச் சுற்றி வந்தவள் பின்பக்கம் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

"என்னங்க, வண்டி பளபளன்னு இருக்கே. நான் இல்லாதப்ப ஏதாவது செஞ்சீங்களா?"

"கழுவினேன்."

"கழுவினது மட்டும்தானா?"

"நல்லாக் கழுவினேன்."

நல்லது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அந்த 'நல்லது' அவரைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் அச்சகத்துக்குப் போகிற வழியில் மெக்கானிக்கின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினார். பழைய டப்பாவையே திருப்பி மாட்டிவிடுங்கள், வெள்ளிக்கிழமைக்குள் மாட்டிவிட்டால் உங்கள் குடும்பம் நூறு வருஷம் நல்லா இருக்கும் என்றார். மெக்கானிக் கையில் இருந்த ஸ்பேனரையே பார்த்துக்கொண்டிருந்தார். இனிமேல் அந்த வண்டியைத் தொட்டால் அம்மாவுக்கு நான் பதில் சொல்லியாகணும் சார், என்னை விட்டுடுங்க என்றார். டெஸ்ட்டுக்குத் தைரியமாகப் போங்க என்று வேறு சொன்னார். ஊரான் வீட்டுக் கூரை எரிகிறபோது தைரியம் சொல்ல எல்லோராலும் முடியும் என்று நம்ம ஆள் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினார். அன்றைக்கு அவர் படித்த பாடப்புத்தகத்தின் புரூஃபில் 'புகை' என்று வந்த இடத்தையெல்லாம் படிக்காமல் தாண்டினார்.

வியாழக்கிழமை அவருக்குக் காய்ச்சல் வந்தது. வரவழைத்தார் என்பதுதான் சரி. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முனகினார். தன்னை இந்த நிலையில் விட்டுவிட்டுப் பரிசோதனைக்குப் போகமாட்டாள் என்று கணக்குப் போட்டார். அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். ஒரு மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள். நீங்க படுத்து ரெஸ்ட் எடுங்க, டெஸ்ட்டுக்கு நானே போய்க்கறேன் என்றாள். அவ்வளவுதான், காய்ச்சல் பறந்தது. தன் கண்ணெதிரே நடந்தால் எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம். தான் இல்லாத இடத்தில் அவள் மட்டும் நின்று அவமானப்படுவதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. சும்மா சொல்லக்கூடாது, அந்த அளவுக்கு ஈரம் இருக்கிற மனுஷர்தான்.

வெள்ளிக்கிழமை பரிசோதனைக் கூடத்தில் நீளமான வரிசை. தகரக் கூரை. தரையில் மஞ்சள் கோடு. கோட்டுக்கு வந்த வண்டியின் புகைக்குழாயில் ஊழியர் ஒரு நீளக் கம்பியைச் செருகுகிறார். எஞ்சினை முடுக்கச் சொல்கிறார். பிறகு திரையைப் பார்க்கிறார். மனைவி ஸ்டியரிங்கில் இருந்தாள். நம்ம ஆள் பக்கத்து சீட்டில் பெல்ட்டை இறுக்கப் பிடித்தபடி இருந்தார். இவர்களுக்கு முன்னால் போன வண்டி தோற்றுவிட்டது. அதன் சொந்தக்காரர் ஊழியரிடம் எவ்வளவோ மன்றாடிப் பார்த்தார். கண்ணாடியில் சிவப்பு ஒட்டுத்தாளை ஒட்டி அந்தப் பக்கம் தள்ளச் சொல்லிவிட்டார்கள். பெரிய மனுஷர் ஒருத்தர் தன் வண்டியைத் தானே தள்ளிக்கொண்டு போவதைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது.

நம்ம ஆள் வாயைத் திறந்தார். "இந்தாம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

அவள் திரும்பி அவர் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வையில் வார்த்தை அப்படியே உள்ளே போய்விட்டது. புழுக்கமா இருக்கு என்றார். ஆமா என்று சொல்லிவிட்டு அவள் வண்டியை மஞ்சள் கோட்டுக்கு நகர்த்தினாள்.

கம்பி உள்ளே போனது. ஊழியர் கையைக் காட்டினார். மனைவி ஆக்சிலேட்டரை மிதித்தாள். எஞ்சின் உறுமியது. நம்ம ஆள் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்குத் தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டாகிவிட்டது, தெரியாத தெய்வங்களையும் பொதுவாகக் கூப்பிட்டார். நேரம் நகரவே இல்லை. ஜன்னலில் யாரோ தட்டினார்கள்.

"பாஸ்மா. நல்லாப் பராமரிச்சிருக்கீங்க. புகை சுத்தமா இருக்கு."

நம்ம ஆள் கண்ணைத் திறந்தார். எப்படி பாஸ்? டப்பா இல்லாத வண்டிக்கு எப்படிப் புகை சுத்தமாக வரும்? மெஷின் ரிப்பேரா? யாரிடம் கேட்பது? திருடனுக்குத் தேள் கொட்டினால் வாய்விட்டுக் கத்த முடியுமா? சந்தோஷப்படவும் முடியவில்லை, சந்தேகத்தைச் சொல்லவும் முடியவில்லை. வண்டி கூடத்தைவிட்டு வெளியே வந்து, கடைத்தெருவைத் தாண்டும் வரை விழித்துக்கொண்டே வந்தார்.

"ரொம்ப யோசிக்காதீங்க," என்றாள் மனைவி, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்க சாவியைக் கொடுத்துட்டு அந்தப் பக்கம் போனதுமே மெக்கானிக் எனக்குப் போன் பண்ணிட்டாரு."

நம்ம ஆள் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார். "அப்போ... அவர் எதை மாத்தினாரு?"

"எதையும் மாத்தல. முனையில பளபளன்னு ஒரு வளையத்தை மாட்டிட்டு, வண்டியைக் கழுவிக் குடுத்துடுங்கன்னு சொன்னேன்."

"ஆனா வண்டி பறந்துச்சே?"

"கழுவின வண்டி பறக்கத்தான் செய்யும்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மானம் போனது ஒரு பக்கம். நர்ஸின் பரீட்சை பிழைத்தது, இவள் பிழைப்பு பிழைத்தது என்ற நிம்மதி இன்னொரு பக்கம். கண்ணில் தண்ணீர் வந்துவிடும் போல இருந்தது. கொஞ்ச தூரம் போனதும், ஏன் முன்னாடியே சொல்லல என்று மெல்லக் கேட்டார்.

"நீங்களே சொல்வீங்கன்னு பார்த்தேன்." அவள் குரலில் கோபம் இல்லை. வருத்தம் இருந்தது. "எனக்குத் தெரியாதுன்னு நினைச்சு நீங்க படற பாடு இருக்கே, பார்க்கச் சகிக்கல. வேற ஏதாவது மனசுல இருந்தா அதையும் இப்பவே இறக்கி வெச்சுடுங்க."

போச்சு. இவளுக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது என்று நம்ம ஆள் முடிவுகட்டினார். ஊரில் பாதிப் பேர் இவளிடம் கார் கற்றவர்கள். யார் எதைச் சொன்னார்களோ. இனி மறைத்து என்ன பிரயோசனம், நாமே சொல்லிவிட்டால் தண்டனையாவது குறையும்.

முதலில் பின்கதவில் இருக்கும் பள்ளத்தைச் சொன்னார். வண்டியை இரவல் வாங்கிப் போன அவளுடைய தம்பிதான் இடித்தான் என்று அவள் அவனோடு பேசுவதையே விட்டிருந்தாள். இடித்தது தம்பி இல்லை. அவன் வண்டியைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் ரிவர்ஸ் எடுத்தபோது நம்ம ஆள்தான் கேட் தூணில் கொண்டுபோய்ச் சாத்தினார்.

"ம்," என்றாள் மனைவி.

அவள் அதிராமல் இருந்தது அவருக்குத் தெம்பு கொடுத்தது. அக்கா வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் அச்சகத்தில் அவசர வேலை என்று சொன்னாரே, அவற்றில் பாதி நாள் அச்சகத்துக்கே விடுமுறை என்றார்.

"ம்."

பாரம் இறங்க இறங்க நெஞ்சு லேசானது. இருப்பதிலேயே பெரியதையும் இறக்கிவிடலாம் என்று தோன்றியது. புதிதாக வந்து சேருகிறவர்களிடமெல்லாம் அவள் ஒரு கதை சொல்வாள். என் வீட்டுக்காரருக்கு நான்தான் கற்றுக்கொடுத்தேன், முதல் தடவையிலேயே லைசென்ஸ் எடுத்துட்டாரு, என்னுடைய முதல் மாணவரே அவர்தான் என்பாள். சொல்லும்போது அவள் முகம் மலர்ந்துவிடும்.

"அது வந்து... நீ சொல்லிக்கொடுத்தப்ப பயத்துல எனக்கு ஒண்ணுமே மண்டையில ஏறல. உனக்குத் தெரியாம அடுத்த தெரு டிரைவிங் ஸ்கூல்ல சேர்ந்துதான் கத்துக்கிட்டேன். இதுவும் உனக்குத் தெரிஞ்சுதான் இருக்கும்."

இந்த முறை 'ம்' வரவில்லை. அவள் கண்ணாடியைப் பார்த்தாள். இடது பக்கம் சிக்னல் போட்டாள். மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரியே வண்டியை ஓரமாக ஒட்டி நிறுத்தினாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். எஞ்சினை அணைத்தாள். அப்புறம்தான் அவர் பக்கம் திரும்பினாள்.

"எனக்குப் புகைக்குழாய் விஷயம் மட்டும்தான் தெரியும்."