அக்காவின் 'நியூ ஃபோல்டர் 2'

ஆறு மாத கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்தவனிடம் யாரும் லேப்டாப்பைக் கொடுத்துவிடக் கூடாது. நான் அப்படி முடித்தவன். (சான்றிதழை லேமினேட் செய்து வாசலுக்கு நேராக மாட்டியும் வைத்திருந்தேன்.)

பசறையில் டீச்சராக இருக்கும் அக்கா, மச்சானோடு ஸ்பிரிங்வெளியில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது லேப்டாப்பையும் கொண்டுவந்தாள்.

"வாங்குனப்ப பறந்துச்சுடா. இப்ப சேவ் பண்ண அமுக்கிட்டு, பிளேன்டீ ஊத்திக் குடிச்சிட்டே வந்துறலாம்."

பார்த்தேன். எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டி டிஸ்க் கழுத்துவரை நிரம்பியிருந்தது. "நெறஞ்சா ஸ்லோவாகும்க்கா," என்றேன். (எனக்குச் சரியாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.) பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டு 'நியூ ஃபோல்டர் 2' என்று ஒன்று கிடந்தது. பெயர்கூட வைக்காததில் என்ன இருந்துவிடப் போகிறது? திறந்தும் பாராமல், குப்பைத்தொட்டிக்கும் போகாதபடி ஒரேயடியாக அழித்தேன்.

லேப்டாப் பறந்தது. மச்சான் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் காலை அக்கா கேட்டாள். "தம்பி, ஆல்பம் அடிக்கணும். கல்யாண போட்டோ எல்லாம் எங்கடா?"

"எதுல வச்சிருந்த?"

"நியூ ஃபோல்டர் டூல."

ஸ்டூடியோவுக்கு போன் போட்டேன். ஸ்டூடியோக்காரர் படங்களை லேப்டாப்பில் ஏற்றிக் கொடுத்ததுமே தன்னுடையதை அழித்துவிட்டாராம். சொந்தக்காரர்களின் போன்களில் பந்தியும் யாரோ ஒருவரின் முதுகும்தான் இருந்தன.

பஸ் பிடித்து பதுளைக்கு ஓடினேன். லேப்டாப் திருத்தும் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

"பழைய ஹார்ட் டிஸ்க்னா எடுத்துறலாம் தம்பி. எஸ்எஸ்டில எழுதுனதுக்கு மேலயே எழுத முடியாது. மொதல்ல துடைக்கணும், அதுவும் கொத்துக் கொத்தாத்தான். காலி எடம் இல்லாட்டி, இருக்குறத நகத்தி வச்சிட்டுத் துடைக்கும். அதான் ஸ்லோ. நீங்க அழிச்சதும், இனி இது வேணாம்னு அதுவே துடைச்சிருக்கும்."

"கொஞ்சங்கூட மிஞ்சாதாண்ணே?"

"நல்ல டிஸ்க்கு தம்பி. சுத்தமா துடைச்சிருக்கு."

அக்கா இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் மச்சான்தான், "திரும்ப உடுத்தி எடுப்போம்," என்றார். ஸ்டூடியோக்காரரைப் பிடித்து, சொந்தங்களைத் திரட்டிக் கோயிலுக்குக் கொண்டுபோவதற்குள் அக்காவுக்கு ஏழாம் மாதம். கூறைச்சேலையும் மாலையும் எவ்வளவோ முயன்றும் வயிற்றை மறைக்கவில்லை. ஆல்பத்தைப் புரட்டுகிறவர்கள் முதலில் கல்யாணத் தேதியைத்தான் கேட்கிறார்கள்.

அந்த வயிற்றிலிருந்தவள் இப்போது இரண்டாம் வகுப்பு. அம்மாவின் கல்யாணத்துக்குத் தானும் போனதாக வகுப்பில் சொல்லியிருக்கிறாள். டீச்சர் நம்பவில்லையாம்.

"நெசமாத்தான் டீச்சர். எங்க மாமாதான் என்னையக் கூட்டிட்டுப் போனாங்க."